ஊதிய தூசி எங்கே போகிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே மூச்சில் முடியாவிட்டால் இரண்டு தடவையாகப் படியுங்கள். வரலாற்றுப் பாடம்தான், ஆனால் பரீட்சை கிடையாது.

போன வருடம் மகள் வீட்டுக்குக் கலிபோர்னியா போயிருந்தேன். பேரனுக்குப் பதின்மூன்று வயது. ரிமோட் காரில் பந்தயம் விடுகிறான். பொம்மைக் கார்தானே என்று நினைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். மண்ணைக் கொட்டி, மேடும் பள்ளமுமாக இறுக்கி வைத்த ஒரு திடல். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள வண்டிகள் அதில் எகிறிக் குதித்து ஓடுகின்றன. ஐந்து நிமிடத்தில் ஒரு பந்தயம் முடிந்துவிட்டது. முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் காரைத் தூக்கிக்கொண்டு ஒரு மூலைக்கு ஓடினார்கள். அங்கே ஒரு கம்ப்ரசர், அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் துப்பாக்கி மாதிரி ஒரு பிடி. அழுத்தினால் "உஸ்ஸ்ஸ்" என்று காற்று பீறிடுகிறது. காரில் அப்பியிருந்த மண் புகையாகக் கிளம்பியது.

"தள்ளி நில்லுங்க அம்முச்சி, தூசி" என்றான் பேரன். தள்ளி நின்றேன். ஆனால் அந்தச் சத்தம் எனக்குப் புதிதல்ல. ஐம்பது வருடங்களுக்கு முன்னால், எங்கள் ஊர் நூற்பாலை ஒன்றின் வாசலில் அண்ணனுக்குச் சாப்பாட்டுத் தூக்கு வைத்துக்கொண்டு நின்றபோது உள்ளேயிருந்து கேட்ட அதே சத்தம். அண்ணனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்த "உஸ்" எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

காருக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கடையில் விற்பனைக்கு வந்த முதல் ரேடியோ கட்டுப்பாட்டுக் கார்களில் ஒன்று 1966-இல் இத்தாலியில் செய்யப்பட்டது. ரெஜ்ஜோ எமிலியா என்ற ஊரிலிருந்த எலெட்ரோனிக்கா ஜோக்கத்தோலி என்ற கம்பெனி, ஃபெராரி 250 எல்.எம். காரைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தது. அந்தக் கம்பெனியின் சுருக்கப் பெயர் "எல்-ஜி". கோயம்புத்தூர்க்காரர்கள் இப்போது சிரிப்பீர்கள். நம் ஊரில் 1960-இல் தொடங்கி, கம்ப்ரசருக்குப் பேர்போன எல்ஜிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். ஆனாலும் காரும் கம்ப்ரசரும் இப்படி ஒரே பெயரில் வந்து சேர்ந்ததை நினைத்து நானும் சிரித்தேன்.

1976-இல் ஜப்பானின் டாமியா கம்பெனி போர்ஷே 934 காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் ரேடியோ காராக வெளியிட்டது. இவையெல்லாம் தார்ச் சாலையிலும் சமதளத்திலும் ஓடும் கார்கள். அழுக்கு அவ்வளவாகப் பிரச்சினை இல்லை, துணியால் துடைத்தால் போதும். 1979-இல் அதே டாமியா, மணலில் ஓடும் வண்டிகளைக் கொண்டுவந்தது. ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் என்று பெயர். அவற்றின் ரேடியோ கருவிகளைத் தண்ணீரும் மண்ணும் புகாதபடி ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தார்கள். மண்ணில் ஓடும் வண்டிக்கு மண்தான் முதல் எதிரி என்பது செய்தவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

1984-இல் கலிபோர்னியாவின் அசோசியேட்டட் எலெக்ட்ரிக்ஸ் கம்பெனி ஆர்.சி.10 என்ற காரை வெளியிட்டது. தங்க நிற அலுமினியத் தொட்டி மாதிரி அடிச்சட்டம், எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர், எல்லாமே நிஜப் பந்தயக் கார் மாதிரி. அடுத்த வருடம் கலிபோர்னியாவின் டெல் மாரில், மண் தடத்தில் ஓடும் இந்த அளவுக் கார்களுக்கான முதல் உலகப் போட்டி நடந்தது. பின் சக்கரத்தால் ஓடும் பிரிவில் ஆர்.சி.10 ஜெயித்தது. பொம்மை அன்றைக்கு இயந்திரமாகிவிட்டது. பேரிங், பல்சக்கரம், மோட்டார் என்று ஒவ்வொன்றுக்கும் மண்ணால் ஆபத்து. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பேரிங் துருப்பிடிக்கும், மின்கருவி கெடும். அடுத்த ஓட்டத்துக்கு அரை மணி நேரம்கூட இருக்காது. எனவே காற்று.

இனி காற்றின் கதை.

ஊதிச் சுத்தம் செய்வது நமக்குப் புதிதில்லை. அரிசியைப் புடைத்துவிட்டு உமியை ஊதுவோம். புத்தகத்தின் மேலுள்ள தூசியை ஊதுவோம். ஊதாங்குழலால் அடுப்பை ஊதிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். கொஞ்சம் வேகமாக ஊதினால் சாம்பல் நம் கண்ணுக்கே திரும்பி வரும். இந்தப் பாடத்தை எந்தப் பாட்டியும் சொல்லித் தந்துவிடுவாள். ஆனால் எஞ்சினியர்கள் இதைக் கற்றுக்கொள்ள ரொம்ப நாளாயிற்று.

அழுத்திய காற்று பெரிய வேலைக்கு வந்தது ஆல்ப்ஸ் மலையில். பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே மோன் செனி ரயில் சுரங்கத்தை 1857-இல் தோண்ட ஆரம்பித்தார்கள். ஏறக்குறைய 13 கிலோமீட்டர். நீராவி எந்திரத்தை உள்ளே கொண்டுபோனால் புகையிலேயே ஆட்கள் செத்துவிடுவார்கள். ஜெர்மேன் சோமெய்யே என்ற எஞ்சினியர், வெளியே மலை நீரின் விசையால் காற்றை அழுத்திக் குழாய் வழியாக உள்ளே அனுப்பி, அதைக் கொண்டு பாறையைத் துளைத்தார். துளைத்து முடித்த காற்று உள்ளேயிருந்தவர்களுக்கு மூச்சுக் காற்றாகவும் ஆயிற்று. 1871-இல் சுரங்கம் திறந்தது. திறப்பு விழாவைப் பார்க்காமலே, அதே வருடம் சில வாரங்களுக்கு முன்னால் சோமெய்யே இறந்துவிட்டார். இந்தச் சுரங்கத்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டுத்தான் அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்குக் காற்று பிரேக் செய்யலாம் என்று யோசித்தார். 1869-இல் காப்புரிமையும் வாங்கினார்.

இதுவரை நல்ல கதை. பாறையைத் துளைத்தால் தூசி வருமே, அது எங்கே போனது?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லேய்னர் என்பவர் 1890-களில் ஒரு புதுத் துளைக்கருவி செய்தார. துளைக்கும் கம்பியின் நடுவில் ஓட்டை போட்டு, அதன் வழியே காற்றைச் செலுத்தினார். துளைக்குள் சேரும் கல்தூளைக் காற்று வெளியே ஊதித் தள்ளிவிடும். துளை சுத்தமாயிற்று. ஆனால் தூள் முழுவதும் துளைக்கிறவன் முகத்துக்கு வந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் அதைத் தொட மறுத்துவிட்டார்கள். கருவிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, காற்றோடு தண்ணீரும் போகும்படி லேய்னர் மாற்றிச் செய்தார். உலர்ந்த தூசி அடங்கியது. தண்ணீர் இல்லாத துளைக்கருவிகளுக்குச் சுரங்கத் தொழிலாளர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? "விதவையாக்கி." பாறைத் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய்க்குப் பலியானவர்களின் வீட்டிலிருந்து பிறந்த பெயர் அது.

அடுத்தது லண்டன். ஹியூபர்ட் செசில் பூத் ஒரு எஞ்சினியர், பெரிய ராட்டினங்கள் கட்டுவதில் பேர் பெற்றவர். நூற்றாண்டு திரும்பும் சமயத்தில் அமெரிக்கர் ஒருவர் அங்கே ஒரு துப்புரவு இயந்திரத்தைக் காட்டினார். அழுத்திய காற்றால் தூசியை ஊதிக் கிளப்பி ஒரு பெட்டிக்குள் விழவைக்கும் இயந்திரம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து தர்மன் என்பவரும் 1899-இல் இப்படி ஊதும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். பூத் பார்த்தார். பாதித் தூசி பெட்டிக்குள் போயிற்று, மீதி அறை முழுக்கப் பறந்து பழைய இடத்திலேயே படிந்தது. "ஏன் ஊதுகிறீர்கள், உறிஞ்சக் கூடாதா?" என்று கேட்டார். அது முடியாத காரியம் என்று பதில் வந்தது.

பூத் விடவில்லை. ஓர் உணவு விடுதியில் நாற்காலி மெத்தை மேல் கைக்குட்டையை விரித்து, அதில் வாயை வைத்து உறிஞ்சினார். இருமல் வந்து மூச்சுத் திணறியது. கைக்குட்டையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பாக அழுக்கு. 1901-இல் காப்புரிமை பெற்று இயந்திரம் செய்தார். குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியே நீளக் குழாயை விட்டு உறிஞ்சும் பூதம். 1902-இல் ஏழாம் எட்வர்ட் முடிசூடும் முன், வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் கம்பளங்களை அதுதான் சுத்தம் செய்தது. நம் வீட்டு வேக்குவம் கிளீனருக்குக் கொள்ளுத்தாத்தா. ஒரே ஒரு கேள்வியில் பிறந்தது: ஊதிய தூசி எங்கே போகிறது?

பூத் கேட்ட கேள்வி வீடுகளுக்குள் போய்விட்டது. தொழிற்சாலைகளுக்குள் போகவில்லை. அங்கே காற்றுக் குழாய் மலிவு, கைக்கு வசதி, வேகம். கடைசல் பட்டறையில் இரும்புத் துகளை ஊதினார்கள். வண்டிப் பட்டறையில் பிரேக் டிரம்மை ஊதினார்கள். பிரேக் லைனிங்கில் கல்நார் இருந்த காலம் அது. பஞ்சாலையில் இயந்திரத்தின் மேல் படிந்த பஞ்சை ஊதினார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் தங்கள் மேலேயே ஊதிக்கொண்டார்கள்.

பஞ்சுத் தூசியால் வரும் மூச்சு நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். சணல், ஆளி நார் சீவுகிறவர்களின் இருமலைப் பற்றி இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1700-லேயே தொழில் நோய்கள் பற்றிய தம் புத்தகத்தில் எழுதிவிட்டார். இந்த நோயின் ஆரம்பத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுக்கும். அடுத்தடுத்த நாள்களில் குறையும். அதனால் இங்கிலாந்து மில்களில் இதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே சொன்னார்கள். வருடங்கள் போகப் போக எல்லா நாளும் திங்கட்கிழமையாகிவிடும்.

அமெரிக்காவில் 1970-இல் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த விதிகளில் ஒன்று: சுத்தம் செய்ய அழுத்திய காற்றைப் பயன்படுத்துவதானால், சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுக்குக் கீழே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், துகள் தெறிக்காமல் தடுப்பும், ஆளுக்குக் கண்ணாடி முதலிய பாதுகாப்பும் வேண்டும். 30 பவுண்டு என்பது ஏறக்குறைய உங்கள் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம். சாதாரணப் பட்டறை கம்ப்ரசரில் இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருக்கும். 1978-இல் பஞ்சுத் தூசிக்கென்றே தனி விதி வந்தது. வேறு வழி இருக்கும் இடத்தில் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யக் கூடாது என்றது அது. ஆலை முதலாளிகள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1981-இல் நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு தூசியைப் பற்றியதாகவே இருந்தது. தொழிலாளி அதைச் சுவாசிக்காமல் தடுக்க வேண்டும், வெளியேற்றும் கருவி வைத்தால் தூசி பிறக்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைக்க வேண்டும் என்றது. பூத் சொன்ன அதே விஷயம்தான்.

இப்போது அண்ணன்.

அண்ணனுக்குப் பதினெட்டு வயதில் ஒரு நூற்பாலையில் வேலை கிடைத்தது. ப்ளோ ரூமில் போட்டார்கள். பேல் பேலாக வரும் பஞ்சைப் பிரித்து உதறும் இடம், மில்லிலேயே அதிகமாகப் பஞ்சு பறக்கும் இடம். மற்ற மில் ஆட்கள் தலையில் பஞ்சோடு வீட்டுக்கு வருவார்கள், எங்கள் அண்ணன் வரமாட்டார். ஷிஃப்ட் முடிந்ததும் காற்றுக் குழாயை எடுத்துத் தலை, சட்டை, மூக்குப் பக்கம் எல்லாம் அடித்துக்கொண்டு பளிச்சென்று வருவார். "எம் பையன் மில்லுக்குப் போறான்னே சொல்ல முடியாது" என்று அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை.

ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். திங்கட்கிழமை சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்காருவார். எண்ணெய்க் குளியல் ஒத்துக்கொள்ளவில்லை, சளி பிடித்துவிட்டது என்று அம்மா முடிவு செய்து எண்ணெயை நிறுத்தினார். பிறகு தயிரை நிறுத்தினார். அப்புறம் தண்ணீரைச் சுடவைத்துக் கொடுத்தார். திங்கட்கிழமை மட்டும் நிற்கவேயில்லை. ஐம்பது வயதில் அண்ணனால் மாடிப்படி ஏற முடியவில்லை. ஐம்பத்தேழில் போய்விட்டார். பீடி, சிகரெட் தொட்டதில்லை.

அவர் தன்னைச் சுத்தம் செய்துகொள்வதாகத்தான் நினைத்தார். சட்டையில் படிந்திருந்தவரை அந்தப் பஞ்சு அவரை ஒன்றும் செய்திருக்காது. ஊதியபோதுதான் மூச்சுக்கு வந்தது.

அந்தக் கலிபோர்னியாத் திடலில் தள்ளி நின்றபோது இதெல்லாம் ஒன்றாக வந்து நின்றது. அன்று இரவு பேரனை உட்காரவைத்து அண்ணன் கதையைச் சொன்னேன். அவன் பதிலுக்கு எனக்குக் காரைப் பற்றிப் பாடம் எடுத்தான். பேரிங்கில் நேராகக் காற்று அடிக்கக் கூடாதாம். வெளியே இருக்கும் மண்ணை மூடியைத் தாண்டி உள்ளே திணித்துவிடும், பேரிங்கும் கண்மண் தெரியாமல் சுழன்று கெட்டுவிடும். ஷாக் அப்சார்பரின் தண்டு உள்ளே போகும் வாயிலும் அப்படித்தான். பெட்ரோல் மாதிரி எரிபொருளில் ஓடும் கார்களில் காற்று வடிகட்டியைக் கழற்றாமல் ஊதினால் மண் எஞ்சினுக்குள்ளேயே போய்விடும். கம்ப்ரசர் தொட்டியின் அடியில் சேரும் தண்ணீரை முதலில் திறந்துவிட வேண்டும். காற்றை அழுத்தும்போது அதிலிருக்கும் ஈரமும் ஈரத்துணி பிழிந்த மாதிரி வெளியே வரும். அதை விடாவிட்டால் காருக்குள் தண்ணீர் தெளித்தது போலாகும்.

"இவ்வளவு தெரிஞ்ச உனக்கு, பேரிங்குக்கு இருக்கிற மூடி உன் நுரையீரலுக்கு இருக்கான்னு தெரியலையே கண்ணு" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தத் திடலின் மண்ணிலும் குவார்ட்ஸ் தூள் இருக்கும். லேய்னரின் சுரங்கத்தில் பறந்ததும் அதே வகைதான்.

இப்போது அவன் செய்கிற முறை இது. மண் ஈரமாக இருந்தால் காயவிடுகிறான். முதலில் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிப் பெரிய கட்டிகளை உதிர்த்துவிடுகிறான். பாதி வேலை அதிலேயே முடிகிறது. பிறகு மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. காற்று தன் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்றுகொண்டு, அழுத்தத்தைக் குறைத்து, சாய்வாக, கொஞ்சம் தூரத்திலிருந்து ஊதுகிறான். சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொள்கிறான். மீதியை ஈரத்துணியால் துடைக்கிறான். மற்ற பிள்ளைகளைவிட மூன்று நிமிடம் அதிகம் ஆகிறதாம்.

பட்டறை, மில், லேத், மரவேலை, ஏ.சி. மெக்கானிக் என்று இருக்கும் என் மாணவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காற்றுக் குழாயை உடம்பின் மேல் பிடிக்காதீர்கள். சட்டையை ஊதிக்கொள்ளாதீர்கள், கழற்றித் துவையுங்கள். உங்களிடம் வேலை பழகும் பையன்களை விளையாட்டுக்குக்கூட அதை ஒருவர் மேல் ஒருவர் அடிக்க விடாதீர்கள். அப்படி விளையாடி உயிர் போன செய்திகளை நம் நாளிதழ்களிலேயே படித்திருக்கிறோம். முதலாளியாக இருப்பவர்கள் ஓர் உறிஞ்சும் இயந்திரம் வாங்கிவையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நானும் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதினேன். டஸ்டரில் சுண்ணாம்புத் தூள் நிறைந்ததும் நன்றாகப் படிக்கிற பிள்ளையாகப் பார்த்து, "போய் சுவரில் தட்டிக்கொண்டு வா" என்று அனுப்புவேன். அதற்குப் போட்டி போடுவீர்கள். இரண்டு டஸ்டரை எடுத்து டப் டப் என்று தட்டி, புருவமெல்லாம் வெள்ளையாகச் சிரித்துக்கொண்டே திரும்பி வருவீர்கள். வகுப்பறை சுத்தமாயிற்று என்று நானும் பாடத்தைத் தொடர்வேன். ஈரத்துணியால் துடைத்திருக்கலாம். அண்ணன் வீட்டில் இருமிக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் இதையும் செய்தேன், அப்போது எனக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

டஸ்டர் தட்டியவர்கள் யார் யார் என்று பாதிப் பேரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. மீதிப் பேர் கீழே எழுதுங்கள். உங்களில் யாருக்காவது மூச்சுத் தொந்தரவு இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதைச் சொல்ல யாருக்கும் தெரியவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்